யுகுலேலேயில் ப்ளூஸ் வரவில்லையா? நான்காம் தந்தியிலிருந்து தேடுங்கள்

சந்தோஷத்துக்கென்றே பிறந்த வாத்தியம் என்று யுகுலேலேக்கு ஒரு பெயர் விழுந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ப்ளூஸ் பழகப் போகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சந்தேகம் வந்துவிடுகிறது: இதில் அந்தச் சோகமும் முறுக்கும் வரவே வராதோ? வரும். வர்ஜீனியாவின் ஃப்ராங்க்ளின் கவுண்டியில் ராபிட் மியூஸ் யுகுலேலேயும் கஸூவும் (வாயால் முனகி ஒலிக்கும் சின்னக் குழல்) வைத்துக்கொண்டு ப்ளூஸ் பாடியவர். மெம்ஃபிஸ் தெருக்களில் லாரா டியூக்ஸ் தோல் கட்டிய பாஞ்சோ யுகுலேலேயோடு ப்ளூஸ் பாடினார். வாத்தியத்தில் இடம் இருக்கிறது. எங்கோ ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

குறை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் ஒரு தடவை செய்து பாருங்கள். தந்தி வாங்கும் காசு மிச்சமாகலாம்.

தந்தி வாங்குவதற்கு முன்

முதலில் அளவு. கழுத்தின் உச்சியில் தந்தி உட்காரும் பட்டையான நட்டிலிருந்து, பெட்டி மேல் பிரிட்ஜில் உள்ள பட்டையான சாடில் வரை, அதாவது தந்தி அதிரும் நீளத்தை, டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். 13, 14 அங்குலம் என்றால் சோப்ரானோ. 15 வாக்கில் கான்செர்ட். 17 டெனர். 19, 20 என்றால் பாரிட்டோன். முதல் மூன்றும் வழக்கமாக (நான்காம் தந்தியிலிருந்து முதல் தந்தி வரை) ஜி–சி–ஈ–ஏ சுருதியில் இருக்கும், பாரிட்டோன் மட்டும் டி–ஜி–பி–ஈ.

அடுத்தது நான்காம் தந்தி. வாத்தியத்தை அணைத்துப் பிடிக்கும்போது உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது அது. வாத்தியத்தில் கவ்வி வைக்கும் க்ளிப் ட்யூனர் பெரும்பாலும் அதை வெறும் ஜி என்று மட்டும் காட்டும். எந்த ஜி என்று சொல்லாது. ஈ தந்தியின் 3-ஆம் ஃப்ரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகள்தான் ஃப்ரெட்) அழுத்தி மீட்டுங்கள். திறந்த நான்காம் தந்தியும் அதே உயரத்தில் ஒலித்தால் உங்களிடம் இருப்பது ஹை ஜி, 392 ஹெர்ட்ஸ். ஒரு ஸ்தாயி கீழே ஒலித்தால் லோ ஜி, 196 ஹெர்ட்ஸ். ப்ளூஸுக்கான தந்தித் தேர்வில் மற்ற எல்லா முடிவும் இந்த ஒரு முடிவுக்குப் பின்னால்தான் வரும்.

மூன்றாவதாக ஒரு சின்ன வாசிப்பு. இந்தக் கட்டுரையில் வரும் நான்கு இலக்கங்கள் எல்லாம் நான்காம் தந்தியிலிருந்து முதல் தந்தி வரையான ஃப்ரெட் எண்கள். 0 என்றால் திறந்த தந்தி. 0100 என்றால் ஏ7 என்ற கார்ட், அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு. அதைப் பிடிக்காமல் எல்லாத் தந்தியையும் திறந்தபடி கட்டைவிரலால் மெதுவாக ஒரு தரம் இழுத்துவிடுங்கள்; ஒலி அடங்குவதற்குள் ஆள்காட்டி விரலை சி தந்தியின் 1-ஆம் ஃப்ரெட்டில் தட்டி இறக்குங்கள். சி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு ஒரு தாவல். ஏ-யை ஆதார ஸ்வரமாகக் கொண்ட கீ-யில் அது சின்ன மூன்றாம் ஸ்வரத்திலிருந்து பெரிய மூன்றாம் ஸ்வரத்துக்குப் போகிற தாவல். ப்ளூஸின் உயிரே அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இது காதில் சரியாக விழுந்தால் வாத்தியத்திலும் தந்தியிலும் பெரிய கோளாறு இல்லை. கடைக்குப் போவதை ஒத்திவைத்துவிட்டு மேலே படியுங்கள்.

“என்ன வாசித்தாலும் கடற்கரைப் பாட்டு மாதிரியே கேட்கிறது”

இதற்கு முதல் காரணம் பெரும்பாலும் கீ. யுகுலேலே பழகும் எல்லோரும் சி-யில் தொடங்குகிறோம். சி–ஈ–ஜி என்று மூன்று ஸ்வரமும் திறந்த தந்தியிலேயே கிடைத்துவிடுவதால் அந்தக் கீ-யில் எதை மீட்டினாலும் பளிச்சென்று சிரிக்கிறது. விரலுக்கு வேலையே இல்லாத இடத்தில் முறுக்கு எங்கிருந்து வரும்?

கீ-யை ஏ-க்கு மாற்றிப் பாருங்கள். ஏ7 0100, டி7 2020, ஈ7 1202. ப்ளூஸின் பன்னிரண்டு பார் (நான்கு எண்ணிக்கை ஒரு பார்) சுற்றுக்கு இந்த மூன்று போதும்: நான்கு பார் ஏ7, இரண்டு டி7, மறுபடி இரண்டு ஏ7, ஒன்று ஈ7, ஒன்று டி7, கடைசி இரண்டு ஏ7. ஹை ஜி கட்டியிருந்தால் ஏ7-இன் ஃப்ளாட் ஏழாம் ஸ்வரமான ஜி திறந்த தந்தியாக உச்சியிலேயே நின்று உரசிக்கொண்டிருக்கும். அந்த உரசல் ஹை ஜி-யின் வரம். “ப்ளூஸ் என்றால் லோ ஜி கட்டாயம்” என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நான் அதை ஏற்கவில்லை. ஏ-யில் ஹை ஜி வைத்து வாசிக்கும் ப்ளூஸுக்கு ஒரு கடியுண்டு, அது லோ ஜி-யில் கிடைக்காது.

இரண்டாவது காரணம் வலக்கை. மேலும் கீழுமாக நிற்காமல் மீட்டிக்கொண்டே இருந்தால் எந்தத் தந்தியும் கொண்டாட்டமாகத்தான் ஒலிக்கும். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் உள்ளங்கை ஓரத்தால் தந்தியைத் தொட்டு அடக்குங்கள். ஒலிக்கும் நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் மௌனமும் வேண்டும். இந்த இரண்டையும் இரண்டு வாரம் செய்து பார்த்த பிறகும் மனம் நிறையவில்லை என்றால், அப்போது தந்தியை மாற்றலாம்.

“ஸ்கேல் வாசித்தால் நடுவில் ஒரு ஸ்வரம் எகிறிக் குதிக்கிறது”

ஹை ஜி கட்டிய வாத்தியத்தில் மிகத் தாழ்ந்த ஒலி சி தந்தியுடையது. கிடாரிலிருந்து வருகிறவர்கள் சி தந்தியில் இறங்கி வந்து, பழக்க தோஷத்தில் அடுத்த தந்திக்குப் போவார்கள். ஸ்வரம் கீழே போகாமல் மேலே பறக்கும். வாத்தியத்தில் கோளாறு இல்லை. அந்தச் சுருதியின் அமைப்பு அது.

தனி வாசிப்பு, கட்டைவிரல் பாஸ், இறங்கு வரிசை லிக் (சின்ன மெட்டுத் துணுக்கு) ஆகியவைதான் உங்களுக்கு வேண்டுமென்றால் லோ ஜி-க்கு மாறுங்கள். ஏ மைனர் பென்டடானிக் என்ற ஐந்து ஸ்வர வரிசை அப்போது கைக்குள் வந்து அமர்ந்துவிடும்: நான்காம் தந்தியில் 0, 2, சி-யில் 0, 2, ஈ-யில் 0, 3, ஏ-யில் 0, 3. சி தந்தியின் 3-ஐச் சேர்த்துக்கொண்டால் ஈ ஃப்ளாட், அதாவது ப்ளூஸ் ஸ்வரமும் கிடைத்துவிடுகிறது.

லோ ஜி தரும் பெரிய பரிசு ஜி கீ-யில் இருக்கிறது. கிடாரின் அந்த ஷஃபிள், ‘டும்–ட டும்–ட’ என்று ஐந்தாம் ஸ்வரமும் ஆறாம் ஸ்வரமும் மாறி மாறி வருவது, அப்படியே வந்துவிடும். நான்காம் தந்தியைத் திறந்துவிட்டு சி தந்தியில் 2, 4 என்று மாற்றி மாற்றி வாசித்தால் அது ஜி. சி-க்குப் போகும்போது சி தந்தியைத் திறந்துவிட்டு ஈ தந்தியில் 3, 5. டி-க்கு சி தந்தியில் 2-ஐப் பிடித்துக்கொண்டு ஈ தந்தியில் 5, 7. இரண்டிரண்டு தந்தி, அவ்வளவே. இதைக் கட்டைவிரலால் மட்டும், பிரிட்ஜுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை லேசாக வைத்து அடக்கி வாசித்துப் பாருங்கள். இத்தனை சின்னப் பெட்டிக்குள்ளிருந்தா இது வருகிறது என்று இருக்கும்.

லோ ஜி-க்கு மாற மனமில்லையா? அப்போதும் சி-யின் ஷஃபிள் கிடைக்கும், ஏனென்றால் அது நான்காம் தந்தியைத் தொடவே இல்லை. ஜி-க்கு மட்டும் ஷஃபிளுக்குப் பதில் 0212 என்ற ஜி7 கார்டை அடக்கி மீட்டிக்கொள்ளுங்கள்.

“லோ ஜி கட்டினேன், அது மட்டும் தனியாக உறுமுகிறது”

உலோகக் கம்பி சுற்றிய லோ ஜி என்றால் இந்தக் குறை சகஜம். மற்ற மூன்றும் வழவழப்பான ஒற்றை இழை, இது மட்டும் சுற்றுக் கம்பி. ஒலியின் நிறமே வேறு. பளபளப்பும் அதிகம், நீடிப்பும் அதிகம். சின்னப் பெட்டிக்குள் அந்தத் தாழ் ஸ்வரம் மற்றவற்றை அமுக்கிவிடும். விரலை நகர்த்தும்போதெல்லாம் கீச்சென்று ஒரு சத்தமும் சேரும்.

சரிசெய்ய மூன்று வழி உண்டு. செலவில்லாதது முதலில்: நான்காம் தந்தியை நகத்தால் தொடாமல் கட்டைவிரலின் சதையால், ஒலித்துளைக்கும் கழுத்துக்கும் நடுவில் மீட்டுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும் என்று சொல்வேன்.

தீராவிட்டால், சுற்றில்லாத லோ ஜி. ஃப்ளூரோகார்பன் என்ற செயற்கை இழையில் கிடைக்கிறது. இத்தாலியின் அக்விலா நிறுவனம் அடர்த்தி கூட்டிய பொருளில் செய்யும் சிவப்பு நிறத் தந்தியும் உண்டு. மற்ற மூன்றோடு குரல் ஒத்துப்போகும், கீச்சொலி குறையும். அடர்த்திதான் இங்கே சூட்சுமம்: நைலானைவிட ஃப்ளூரோகார்பன் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமான பொருள், அதனால் அதே சுருதிக்கும் அதே இறுக்கத்துக்கும் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்த தந்தி போதும். வெறும் நைலானில் சுற்றில்லாத லோ ஜி செய்தால் அது தடித்து, மந்தமாகத் தொப்பென்று ஒலிக்கும்.

மூன்றாவது வழி, சுற்றைத் தட்டையாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய லோ ஜி. ஃப்ரீமான்ட் நிறுவனத்தின் சோலோயிஸ்ட் அந்த வகை. சுற்றுக் கம்பியின் நீடிப்பு வேண்டும், கீச்சொலி வேண்டாம் என்பவர்களுக்கு அது. தனியாக ஒரே தந்தியாக வாங்கலாம், முழு செட் தேவையில்லை.

சுற்றுக் கம்பி எதுவானாலும் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே சீக்கிரம் தேயும். விரலால் தடவிப் பார்த்தால் பள்ளம் தட்டுப்படும். சில சமயம் சுற்று அறுந்து பிரிந்தே நிற்கும். ஒலி திடீரென்று செத்துப் போனதாகத் தோன்றினால் முதலில் அங்கே பாருங்கள்.

“லோ ஜி தொளதொளவென்று இருக்கிறது, கரகரக்கிறது”

இதன் காரணத்தைக் கணக்கிலேயே காட்டிவிடலாம். தந்தியின் இறுக்கம் அதன் எடையைப் பொறுத்தது; நீளத்தின் வர்க்கத்தையும் அதிர்வெண்ணின் வர்க்கத்தையும் பொறுத்தது. சுருதியை ஒரு ஸ்தாயி இறக்கினால் அதிர்வெண் பாதியாகிறது. இறுக்கம் குறையாமலிருக்க எடை நான்கு மடங்காக வேண்டும். அதே பொருளில் என்றால் தடிமன் இரண்டு மடங்கு. ஆனால் ஃப்ளூரோகார்பனில் ஹை ஜி ஏறக்குறைய 0.6 மி.மீ. என்றால் லோ ஜி 0.9 மி.மீ. வாக்கில்தான் விற்கிறார்கள்; இன்னும் தடித்தால் ஒலி மழுங்கிவிடும். விளைவு, லோ ஜி-யின் இறுக்கம் ஹை ஜி-யில் பாதிக்குச் சற்று மேல்தான். விரலுக்கு அது தளர்வாகத் தெரிவதில் அதிசயம் இல்லை.

இப்போது நீளத்தைச் சேருங்கள். 17 அங்குல டெனரிலிருந்து அதே தந்தியைக் கழற்றி 13.6 அங்குல சோப்ரானோவில் அதே சுருதிக்கு மாட்டினால் இறுக்கம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போய்விடும். அதனால் என் கருத்து இது: லோ ஜி டெனருக்குத் தாராளமாக, கான்செர்ட்டுக்கு யோசித்து, சோப்ரானோவுக்கு வேண்டவே வேண்டாம். சோப்ரானோ வைத்திருப்பவர்கள் ஹை ஜி-யின் கடியை நம்பி ஏ கீ-யில் வாசியுங்கள். கான்செர்ட்டுக்குச் சுற்றில்லாத தந்தி போதாமல் போனால் சுற்றிய லோ ஜி கைகொடுக்கும், ஏனென்றால் மெல்லிய உடம்பில் அதிக எடை அதில்தான் இருக்கிறது.

கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்பதைத் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும். திறந்த தந்தியில் மட்டும் கரகரத்து, எந்த ஃப்ரெட்டில் அழுத்தினாலும் நின்றுவிட்டால் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் என்றால் அதற்கடுத்த ஃப்ரெட் துருத்திக்கொண்டிருக்கும். எல்லா இடத்திலும் என்றால் சாடில் தாழ்வு, அல்லது தந்தி தளர்வு. இவற்றில் எதுவும் இல்லாமல் வலக்கையின் பலம் மட்டும் காரணமாக இருப்பதும் உண்டு: மெதுவாக மீட்டினால் நிற்கிறதா என்று பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான குறையும் ஒன்று உண்டு. ஹை ஜி-க்காக வெட்டிய நட் பள்ளத்தில் தடித்த லோ ஜி உட்காராது. மேலே ஏறி நிற்கும். அப்போது 1, 2 ஃப்ரெட்டுகளில் அழுத்தினால் ஸ்வரம் ஏறிக் கேட்கும். சுருதி சேர்க்கும் ஆணியைத் திருகும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தத்தோடு சுருதி தாவும். பள்ளத்தைத் தந்தியின் தடிமனுக்குச் சரியாக அகலப்படுத்த வேண்டும், ஆழப்படுத்தக் கூடாது. அதற்கென்று அளவெடுத்த அரம் இருக்கிறது. கையில் அது இல்லாவிட்டால் பழக்கமான வாத்தியம் சரிசெய்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அகலப்படுத்திய பிறகு ஹை ஜி-க்குத் திரும்பினால் மெல்லிய தந்தி அந்தப் பள்ளத்தில் ஆடலாம் என்பதையும் யோசித்துக்கொண்டு செய்யுங்கள்.

“தந்தியை வளைத்தால் ஸ்வரம் ஏறவே மாட்டேன் என்கிறது”

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, ஏனென்றால் இங்கே தவறான தந்தியைக் குற்றம் சொல்லித் தவறான தந்தியையே மறுபடி வாங்குகிறார்கள்.

வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டில் பல ஸ்வரம் எழுப்புவதைப் பார்த்த காது நமக்கு. அங்கே தந்தி உலோகம். கொஞ்சம் இழுத்தாலும் இறுக்கம் சட்டென்று ஏறும். நைலானும் ஃப்ளூரோகார்பனும் இழுத்தால் நீண்டு கொடுத்துவிடுகின்றன. இறுக்கம் அவ்வளவாக ஏறுவதில்லை, எனவே ஸ்வரமும் ஏறுவதில்லை. யுகுலேலேயில் முழு ஸ்வர வளைப்பை எதிர்பார்க்கவே வேண்டாம். அரை ஸ்வரம் பாடுபட்டால் வரும். கால் ஸ்வரம் சுலபமாக வரும். நல்ல சேதி, ப்ளூஸுக்கு அதிகம் தேவைப்படுவது அந்தக் கால் ஸ்வரம்தான்.

எங்கே வளைப்பது என்பதில்தான் விஷயம். நட்டுக்குப் பக்கத்தில் தந்தி நகர மறுக்கும். 5-க்கு மேல் போங்கள். ஏ கீ-யில் ஈ தந்தியின் 8-ஆம் ஃப்ரெட் சி; அதைப் பிடித்து லேசாக மேலே தள்ளினால் சி-க்கும் சி ஷார்ப்புக்கும் நடுவில் ஒரு பெயரில்லாத இடம் வரும். அங்கே நிறுத்தி, அப்படியே ஏ-க்கு, அதாவது 5-க்கு இறங்குங்கள். ஈ தந்தியும் சி தந்தியும் நடுவில் இருப்பதால் இரண்டு பக்கமும் தள்ள இடமிருக்கிறது. ஏ தந்தியை வெளிப்பக்கம் இழுத்தால் விளிம்பை விட்டு வழுக்கிவிடும், உள்பக்கமாகத் தள்ளுங்கள்.

வளைப்பு எளிதாக வேண்டுமென்று மெல்லிய, குறைந்த இறுக்கத் தந்தி தேடுவார்கள். பாதி சரி. ஒரே தந்தியை அரை ஸ்வரம் இறக்கிச் சுருதி சேர்த்தால் இறுக்கம் சுமார் 11 சதவீதம் குறைகிறது, அதே அளவு தள்ளலுக்கு ஸ்வரம் முன்பைவிட அதிகம் ஏறுகிறது. காசில்லாமல் இன்றைக்கே செய்யலாம். ஆனால் ஒரே இறுக்கத்தில் தடித்த தந்தியும் மெல்லிய தந்தியும் இருந்தால், வளைப்புக்கு அதிகம் ஏறுவது தடித்ததுதான். செட்டிலேயே சி தந்தி வளைப்புக்கு நன்றாக மசிவது அதனால். அதே சி தந்தி ஃப்ரெட்டில் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே சுருதி ஏறிக் கேட்பதும் இதே காரணத்தால்தான். மெல்லிய ஃப்ளூரோகார்பனுக்கு மாறினால் அந்தத் தொல்லை குறையும், கூடவே வளைப்பும் குறையும். இரண்டில் எது முக்கியம் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

வளைக்காமலும் வேலை நடக்கும். தட்டி இறக்குவது, இழுத்து விடுவது, ஒரு ஃப்ரெட் கீழிருந்து வழுக்கி ஏறுவது ஆகிய மூன்றையும் பழகுங்கள். லோ ஜி-யில் 2100 பிடித்து, கட்டைவிரலால் நான்காம் தந்தியின் ஏ-யைத் தாளமாக அடித்துக்கொண்டே சி தந்தியில் 0-விலிருந்து 1-க்குத் தட்டுங்கள். சுண்டுவிரலை ஈ தந்தியின் 3-க்குக் கொண்டுபோனால் ஏழாம் ஸ்வரமும் சேர்ந்துவிடும். வளைப்பு இல்லாத குறையே தெரியாது.

“சுருதி நிற்க மாட்டேன் என்கிறது”

புதுத் தந்தி என்றால் பொறுமைதான் மருந்து. எந்தச் செயற்கை இழையும் முதல் சில நாட்கள் நீண்டுகொண்டே இருக்கும். 12-ஆம் ஃப்ரெட் அருகே மெல்லத் தூக்கி இழுத்து, மறுபடி சுருதி சேர்த்து, திரும்ப இழுத்து என்று செய்தால் சீக்கிரம் அடங்கும். எப்போதும் கீழிருந்து ஏற்றிச் சுருதிக்குக் கொண்டுவாருங்கள். தாண்டிப் போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

பழைய தந்தியும் நிற்கவில்லை என்றால் பிரிட்ஜில் முடிச்சு நழுவுகிறதா, ஆணியின் திருகு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்து வந்தவுடன் சுருதி மாறுவது கோளாறில் சேராது.

“மேலே போகப் போக ஸ்வரம் கசக்கிறது”

12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலால் தொட்டு மீட்டி ஹார்மோனிக்கை எடுங்கள். பிறகு அதே ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ட்யூனரில் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே ஒரு தந்தி மட்டும் விலகினால் அந்தத் தந்தி தேய்ந்திருக்கிறது, மாற்றுங்கள். எல்லாமே ஏறிக் காட்டினால் தந்திகள் ஃப்ரெட்டை விட்டு அதிக உயரத்தில் இருக்கின்றன. சாடிலின் அடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து இறக்க வேண்டும். ஸ்லைடு (விரலில் மாட்டிய குழாயைத் தந்தி மேல் வழுக்குவது) வாசிக்கும் எண்ணம் இருந்தால் தேய்ப்பதற்கு முன் அடுத்த பகுதியைப் படித்துவிடுங்கள்.

“ஸ்லைடு வைத்தால் கடகடவென்று ஃப்ரெட்டில் இடிக்கிறது”

ஸ்லைடுக்கும் யுகுலேலேக்கும் உறவு பழையது. மதேராவிலிருந்து 1879-இல் ரேவன்ஸ்க்ராக் கப்பலில் ஹொனலுலு வந்திறங்கிய போர்த்துக்கீசியத் தச்சர்களின் கைவண்ணத்தில் யுகுலேலே பிறந்தது. 1889 வாக்கில் ஓவாஹு தீவைச் சேர்ந்த ஜோசஃப் கெகுகு கிடார் தந்தி மேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கும் ஹவாய் முறையை உருவாக்கினார் என்பார்கள். 1903 வாக்கில் மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் ஒருவர் கத்தியைத் தந்தியில் அழுத்தி வாசிப்பதைக் கேட்ட ப்ளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி, ஹவாய்க் கிடார்காரர்கள் செய்வதைப் போல என்றுதான் அதைப் பின்னால் விவரித்தார். ஆக, யுகுலேலேயில் ஸ்லைடு ப்ளூஸ் வாசிப்பது எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டிய வேலை இல்லை.

இடிப்பதற்குக் காரணம் தந்தியின் தாழ்வும் ஸ்லைடின் கனமும். நைலான் வகைத் தந்தி கனமான பித்தளை ஸ்லைடைத் தாங்காது. லேசான கண்ணாடி ஸ்லைடை எடுத்து, சுண்டுவிரலில் மாட்டி, தந்தியை அழுத்தாமல் தொட்டால் போதும். ஸ்லைடு ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும், இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நின்றால் சுருதி தப்பும். ஸ்லைடுக்குப் பின்னால் மற்ற விரல்களால் தந்தியைத் தொட்டு அடக்கினால் பின்பக்கச் சலசலப்பு நிற்கும். இவ்வளவும் செய்தும் இடித்தால் கொஞ்சம் உயரமான சாடில் ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள். பழையதைத் தூக்கிப் போட வேண்டாம், சாடில் மாற்றுவது சில நிமிட வேலை.

சுருதிக்கு ஏ தந்தியை ஜி-க்கு இறக்குங்கள்: ஜி–சி–ஈ–ஜி. திறந்து மீட்டினாலே சி கார்ட். ஸ்லைடை 5-இல் வைத்தால் எஃப், 7-இல் வைத்தால் ஜி. பன்னிரண்டு பார் முழுவதும் மூன்று இடத்தில் முடிந்துவிட்டது. ஏ தந்தியின் இறுக்கம் இதில் சுமார் 20 சதவீதம் குறையும். இந்தச் சுருதியிலேயே நிலையாக இருக்கப் போகிறீர்கள் என்றால் முதல் தந்தியை மட்டும் ஒரு அளவு தடித்ததாக மாற்றுங்கள். ஸ்லைடுக்கு இறுக்கம் கூட இருப்பது நல்லது. வளைப்புக்குச் சொன்னதற்கு இது நேர் எதிர்.

பாரிட்டோன் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் பெரிய வாய்ப்பு. முதல் தந்தியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கினால் டி–ஜி–பி–டி. மிசிசிப்பி டெல்டாவின் ப்ளூஸ் கிடார்காரர்கள் ஸ்லைடுக்குப் பெரிதும் பயன்படுத்திய ஓப்பன் ஜி சுருதியின் மேல் நான்கு தந்தி இதேதான். அவர்கள் மேல் தந்திகளில் வாசித்த எந்த ஸ்லைடு லிக்கையும் ஃப்ரெட் எண் மாறாமல் வாசிக்கலாம்.

“ஒலி பத்தவில்லை என்று ஸ்டீல் தந்தி மாட்டினேன், பிரிட்ஜ் தூக்குகிறது”

உடனே எல்லா ஆணியையும் தளர்த்துங்கள். நைலானுக்குக் கட்டிய யுகுலேலேயின் மேல்பலகை மெல்லியது. ஸ்டீல் தந்தியின் இழுவைக்கு அது செய்யப்படவில்லை. பிரிட்ஜ் பெயர்வது முதல் கட்டம், பலகை வீங்குவது அடுத்தது. பசை விட்டிருந்தால் தந்திகளை முழுக்கக் கழற்றிச் சரிசெய்யக் கொடுங்கள். சத்தம்தான் வேண்டுமென்றால் அதற்காகவே வந்தது பாஞ்சோ யுகுலேலே. அதில் ஹை ஜி-யும் சாதாரண ஃப்ளூரோகார்பனுமே போதும். தோலே சத்தத்தைப் பார்த்துக்கொள்ளும்.

“வாசிப்பு வருகிறது, பாடினால் கீ எட்டவில்லை”

கார்ட் வடிவங்களை மாற்றாமல் வாத்தியத்தையே நகர்த்துங்கள். ஏ கீ உயரமாக இருந்தால் நான்கு தந்தியையும் ஒரு ஸ்வரம் இறக்கி எஃப்–பி ஃப்ளாட்–டி–ஜி சுருதிக்குக் கொண்டுவரலாம். இப்போது 0100 பிடித்தால் ஜி7 ஒலிக்கும். இறுக்கம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். டெனர் தாங்கும், ஒலியும் கொஞ்சம் புகைந்தாற்போல் மாறும், ப்ளூஸுக்கு அது அழகு. சோப்ரானோவில் தொளதொளத்துவிடும், அங்கே அரை ஸ்வரத்தோடு நில்லுங்கள்.

ஏ தாழ்வாகப் படுகிறவர்கள் ஒரு ஸ்வரம் ஏற்றி ஏ–டி–எஃப் ஷார்ப்–பி வைக்கலாம். 1920-களின் அமெரிக்க இசைத்தாள்களில் யுகுலேலேக்கு இந்தச் சுருதி சர்வசாதாரணம். ஆனால் இறுக்கம் 26 சதவீதம் ஏறுகிறது. சோப்ரானோவுக்குப் பொருந்தும், ஒலி சுள்ளென்று இருக்கும். டெனரில் முயல வேண்டாம்.

ஒரு ஸ்வரம் இறக்கியும் தொண்டைக்கு உயரமாக இருந்தால் பாரிட்டோனை எடுத்துப் பாருங்கள். ஏ-க்குப் பழகிய அதே மூன்று வடிவங்கள், 0100, 2020, 1202, அதில் ஈ7, ஏ7, பி7 ஆகிவிடும். கிடார் ப்ளூஸின் சொந்தக் கீ அது. பாரிட்டோனில் டி-யும் ஜி-யும் வழக்கமாகச் சுற்றுக் கம்பி. கீச்சொலி தொந்தரவு செய்தால் லோ ஜி-க்குச் சொன்ன அதே வழிகளை இங்கேயும் பாருங்கள். டெனர் செட்டை அதில் மாட்டி டி–ஜி–பி–ஈ-க்கு இறக்காதீர்கள், தளர்ந்து தொங்கும். பாரிட்டோன் என்று பொட்டலத்தில் எழுதியிருப்பதையே வாங்குங்கள். அதிலும் டி–ஜி–பி–ஈ செட்டா, ஜி–சி–ஈ–ஏ செட்டா என்று படித்துவிட்டு வாங்குங்கள், இரண்டும் விற்கிறார்கள்.